திருச்சானூரில் பகடை பழகியது

வேண்டுதல் காசைத் திருப்பதி உண்டியலில் சேர்த்துவிட்டு வர எங்கள் ஐந்து பேரில் ஒருத்தி போக வேண்டும் என்று முடிவானபோது, மற்ற நால்வரும் என்னைக் கைகாட்டினார்கள். ஈப்போவில் முப்பத்து நான்கு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். "டீச்சர்கிட்ட கொடுத்தா சில்லறை கூடக் குறையாது" என்றாள் தனம். எங்கள் கூட்டத்துக்குத் தலைவி அவள்தான்.

காசு வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒரு முறை நாங்கள் பேருந்தில் மலைமேல் இருக்கும் கசினோவுக்குப் போவோம். சாப்பாட்டுக் கூப்பன் தருவார்கள், குளிராக இருக்கும், இயந்திரங்களில் கொஞ்சம் காசைத் தொலைத்துவிட்டு மாலையில் இறங்கிவிடுவோம். ஒருநாள் பகடை மேசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. விளையாட்டாக நின்றேன். கையில் குச்சியோடு ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தவன் இரண்டு பகடைகளை என் பக்கம் தள்ளினான். நாற்பது நிமிடம் நான் உருட்டிக்கொண்டே இருந்தேன். சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள், என் முதுகில் தட்டினார்கள். என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. தனம் மட்டும் காயின்களைப் பந்தயம் வைத்துக்கொண்டே இருந்தாள். ஜெயிப்பதில் பத்தில் ஒரு பங்கு ஏழுமலையானுக்கு என்று நடுவில் வேண்டிக்கொண்டாளாம்.

அன்றிலிருந்து நான் கைராசி டீச்சர். அடுத்த பயணத்துக்கு எல்லோரும் பெரிய தொகையாகச் சேர்த்தார்கள். அதை என் கையால் உருட்டுவது என்று ஏற்பாடு. என் பணிக்கொடையிலிருந்து நானும் ஒரு பங்கு கொடுத்திருந்தேன், மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே. அதற்குள் அந்த ஆட்டம் என்னவென்று தெரிந்துகொள்ள நினைத்தேன். சித்தூர் பக்கம் குடிபாலாவில் என் சித்தி மகள் கலா இருக்கிறாள். உல்லாசக் கப்பல் ஒன்றில் ஒன்பது வருடம் இதே மேசையில் நின்று ஆட்டம் நடத்தியவள். இதுவரை இரண்டே முறைதான் அவளைப் பார்த்திருக்கிறேன்.

முதல் நாள் வெயிலோடு வந்து இறங்கினேன். சித்தூரிலிருந்து குடிபாலாவுக்கு அரை மணி நேரம் என்றார்கள். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. மாம்பழக் கூழ் எடுக்கும் தொழிற்சாலைக்குப் போகும் மாங்காய் டிராக்டர்கள் சாலையின் பாதியை அடைத்து வரிசையாக நின்றன. எங்கள் ஊரில் டுரியான் பருவத்தில் சாலையோரம் கார்கள் நிற்கும், ஆனால் அவை வாங்க வந்தவர்களுடையவை. இங்கே விற்க வந்தவர்கள் காத்திருந்தார்கள். ஒரு டிராக்டரின் அடியில் நிழல் பார்த்துப் படுத்திருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். பேருந்தில் என்னருகே இருந்த பெண்மணி கேட்காமலே எனக்கு மொழிபெயர்த்தார்: "ரெண்டு நாளா நிக்கிறாராம். காய் பழமாய்ப் போச்சாம். பழம் அழுகறதுக்குள்ள கேட்டத் தொறங்கடான்னு திட்டறாரு."

அந்தத் தொழிற்சாலையின் எடைமேடையில்தான் கலாவுக்கு இப்போது வேலை. கண்ணாடி அறைக்குள் இருந்தபடி டிராக்டரை ஏற்றச் சொல்வாள், எண்ணைப் படிப்பாள், சீட்டைக் கிழித்துக் கொடுப்பாள். நாற்பத்து மூன்று வயது. முகத்தில் எதுவும் தெரியாது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து பையை வாங்கிக்கொண்டாள்.

"இன்னா அக்கா, இந்த வெயில்ல வந்துக்கினு கீற? ஒரு போன் போட்டிருந்தா வண்டி அனுப்பிச்சிருப்பேன் இல்ல?"

வீட்டில் கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் வைத்திருந்தாள். களியை மெல்லக் கூடாது, குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். நான் மென்றேன். பல்லில் ஒட்டியது. சாப்பிட்டு முடித்ததும் வந்த காரியத்தைச் சொன்னேன். அவள் வியப்படையவில்லை. பீரோவைத் திறந்து சிறிய பெட்டி ஒன்றை எடுத்தாள். உள்ளே சிவப்புக் கண்ணாடி போல இரண்டு பகடைகள். ஓரங்கள் கத்தி போல் கூர்மையாக இருந்தன. வேலையை விட்டு வரும்போது அவள் கொண்டுவந்தது அவை மட்டும்தானாம்.

தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். வறுத்த வேர்க்கடலையில் நூறு எண்ணி எனக்குக் கொடுத்தாள்.

"மொதல் உருட்டுல ஏழு இல்லாட்டி பதினொண்ணு வந்தா கெலிச்ச. ரெண்டு, மூணு, பன்னெண்டு வந்தா தோத்த. வேற எது வந்தாலும் அதான் உன் நெம்பர். அந்த நெம்பர் திரும்ப வர்ற வரிக்கும் உருட்டிக்கினே இருக்கணும். நடுவுல ஏழு வந்துச்சா, அவ்ளோதான்."

மனசுக்குள் கணக்குப் போட்டேன். இரண்டு பகடைகள் விழ முப்பத்தாறு வழி. அதில் ஆறு வழியில் ஏழு வரும். வேறு எந்த எண்ணுக்கும் அத்தனை வழி இல்லை. அப்படியானால் அன்றைக்கு நாற்பது நிமிடம் என் கையில் ஏழு வந்து ஆட்டத்தைக் கெடுக்காமல் இருந்தது எப்படி என்று கேட்டேன்.

"அது உன் கை இல்ல அக்கா. அது அந்த நாப்பது நிமிசம். வேற ஒண்ணும் இல்ல."

எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு காகிதத்தைக் கொடுத்து நான்கு எண்களை எழுதச் சொன்னாள். கையில் கொண்டுவந்தது நூறு. அறுபதுக்கு இறங்கினால் எழுந்துவிட வேண்டும். நூற்று நாற்பதுக்கு ஏறினாலும் எழுந்துவிட வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்துக்கு மேல் வைக்கக் கூடாது. "தோத்தா கை பெருசாவக் கூடாது. கெலிச்சாலும் பெருசாவக் கூடாது. மேசை நடுவுல கலர் கலரா கட்டம் இருக்கும், ஒண்ணுக்கு முப்பது தரேம்பான். அந்தப் பக்கமே போவாத."

சுவரில் மோதித் திரும்பும்படி உருட்ட வேண்டும். உருட்டினேன். முக்கால் மணி நேரத்தில் அறுபதுக்கு வந்துவிட்டேன். அதில் நாலைந்து ஆட்டத்தில் போகவில்லை. "கடலையத் துன்னாத அக்கா, அது காசு" என்றாள் கலா இரண்டு முறை. மூன்றாம் முறை எழுந்து போய்ப் புளியங்கொட்டை கொண்டுவந்தாள்.

காகிதத்தில் எழுதியபடி அறுபதில் எழுந்துவிட்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அவளிடம் அதைச் சொன்னேன்.

"கடலைக்கு எழுந்திரிக்கறது சுளுவு" என்றாள்.

இரண்டாம் நாள் காலை நூற்று நாற்பது வந்தது. எழுந்துவிட்டேன். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவள்போல் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். கலா நான்கு நாள் விடுப்புப் போட்டு என்னோடு திருப்பதிக்குக் கிளம்பினாள்.

பேருந்தில் அவளிடம் கேட்டேன்: "ஒன்பது வருஷத்துல சரியான நேரத்துல எழுந்து போனவங்க எத்தனை பேரைப் பார்த்திருக்க?"

விரல்விட்டு எண்ணினாள். "மூணு பேரு. ஒருத்தர் பல் டாக்டர். கடிகாரத்தக் கழட்டி எதிர்ல வச்சிக்குவாரு, ஒரு மணி நேரம் ஆச்சின்னா கெளம்பிடுவாரு. ஒரு அம்மா, புருசன் வந்து கூப்புடுவாரு, உடனே போய்டும். இன்னொருத்தர் யாருன்னே தெரியாது. ஒரே தடவதான் வந்தாரு."

"மத்தவங்க?"

"மத்தவங்களாலதான எனக்கு சம்பளம்."

திருச்சானூரில் தங்கினோம். கோயிலில் தாயாரைச் சேவித்துவிட்டு வெளியே வந்து ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். சுடுசோற்றில் பருப்புப்பொடியைக் கொட்டி, மேலே நெய்யை ஊற்றி, முதல் உருண்டையை இதோடு சாப்பிட்டால்தான் மற்றதைப் பரிமாறுவேன் என்பதுபோல் ஒருவர் நின்றார். அதன் பிறகு கோங்குரா என்ற புளிச்சகீரைத் துவையல். ஈப்போவில் எங்கள் வாழையிலைக் கடைகளில் காரம் என்று சொல்லி வைப்பது காரமே இல்லை என்று அங்கே தெரிந்தது. கண்ணில் நீர் வடிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் தன் மோர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி, "தாகண்டி அம்மா" என்றார். குடியுங்கள் அம்மா என்று அர்த்தமாம். குடித்தேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு லாட்ஜ் அறையில் ஆட்டம். கட்டிலை நகர்த்தி, தரையில் போர்வையை விரித்து, கோட்டுக்குப் பதில் ஒரு துண்டை மடித்துப் போட்டாள் கலா. மின்விசிறி சரியாகச் சுற்றவில்லை. கதவைத் திறந்து வைத்தோம். அதுதான் தப்பாகப் போனது.

பகடை சுவரில் மோதும் சத்தம் கேட்டுப் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நெல்லூரில் பந்தல் வாடகைக்கு விடும் ஒருவர், அவர் மனைவி, மைத்துனர். மூவரும் மொட்டையடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். கலா தெலுங்கில் என்னவோ சொன்னாள். டீச்சருக்குக் கணக்குப் பழக்கம் என்று சொன்னாளாம். அவர்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

நூற்று நாற்பது வந்தபோது கலா, "எழுந்திரு அக்கா" என்றாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு."

உருட்டினேன். பதினொன்று. மைத்துனர் கைதட்டினார். மறுபடி உருட்டினேன். எட்டு, நாலு, பத்து, திரும்ப எட்டு. பந்தல்காரரின் மனைவி கோவிந்தா என்றார். ஐந்து வைத்த இடத்தில் பத்து வைத்தேன். கலா காகிதத்தை என் முன்னால் தள்ளினாள். நான் அதைப் பார்க்கவில்லை. நூற்று எழுபது ஆயிற்று. அந்த மலைமேல் கசினோவில் இருந்த அதே சூடு உள்ளங்கையில் வந்தது. முப்பத்தாறு வழி, அதில் ஆறு என்பதெல்லாம் எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. இருந்தும் அது வேறு யாருக்கோ சொன்ன பாடம் போலத்தான் இருந்தது.

பந்தல்காரர் சட்டைப்பையிலிருந்து பத்து ரூபாய் எடுத்துத் துண்டின்மேல் வைத்தார். இந்தக் கையை நம்பி வைக்கிறேன் என்றாராம். கலா வேண்டாம் என்று தலையசைத்துத் தெலுங்கில் மறுத்தாள். அவர் சிரித்துக்கொண்டு அங்கேயே விட்டுவிட்டார்.

அதற்கு அடுத்து நான் செய்ததை எழுதத்தான் வேண்டும். என் கைப்பை பக்கத்தில் இருந்தது. அதற்குள் மஞ்சள் துணியில் முடிந்த வேண்டுதல் காசு. முடிச்சை அவிழ்த்து ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளை உருவி அவர் பத்து ரூபாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. பந்தல்காரர்கூட அதை எதிர்பார்க்கவில்லை.

கலா தாளைப் பார்த்தாள். "அக்கா, இது இன்னா காசு?"

"எனக்குத் தெரியும். பகடையக் குடு" என்றேன். வகுப்பில் கடைசி வரிசையை அடக்கும் குரல் அது.

அவள் பகடைகளை என் முன் தள்ளினாள். அந்த முகத்தை அப்போதுதான் பார்த்தேன். அது என் தங்கையின் முகமாக இல்லை. கப்பலில் ஒன்பது வருடம் வைத்திருந்த முகமாக இருக்க வேண்டும்.

முதலில் ஒன்பது. அடுத்தது நான்கும் மூன்றும். ஏழு.

நான் நிமிர்வதற்குள் துண்டு காலியாகிவிட்டது. பத்து ரூபாயைப் பந்தல்காரரிடம் திருப்பிக் கொடுத்தாள். ஐந்நூறைத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள். புளியங்கொட்டைகளையும் வாரி எடுத்துவிட்டாள்.

லாட்ஜ் முதலாளி அப்போதுதான் வாசலில் வந்து நின்றார். சத்தம் அதிகம் என்று மாடி அறையிலிருந்து யாரோ புகார் சொல்லியிருக்கிறார்கள். பகடையைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது. நெல்லூர்க்காரர்கள் எழுந்து தங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர் கத்தியதைக் கலா பிறகு சுருக்கிச் சொன்னாள்: "தாயார் கோயில் வாசல்ல சூதாட்டமா? போலீசுக்கு ஒரு போன் போட்டா உங்க அக்கா பாஸ்போர்ட்டோட ஸ்டேஷன்ல ஒக்காரணும். என் லாட்ஜ் பேரு பேப்பர்ல வரும். ஒரு மணி நேரத்துல காலி பண்ணுங்க." பகடைகளைக் கேட்டார். கலா தானே எடுத்துக் கொடுத்தாள்.

அறுபத்தொரு வயதில், பள்ளிக்கூடத்தில் மற்றவர்களை வெளியே நிறுத்திய நான், பெட்டியோடு வெளியே நின்றேன். கிளம்பும்போது முதலாளி ஒரு பகடையை மட்டும் மேசைமேல் வைத்தார். இன்னொன்று எங்கோ விழுந்துவிட்டதாம். தேடிப் பார்க்க அவர் மேசை இழுப்பறையைக்கூடத் திறக்கவில்லை. கலா அந்த ஒற்றைப் பகடையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஒத்தையா வச்சிக்கினு இன்னா பண்றது" என்று அதை அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள்.

திருப்பதி ஊருக்குள் போகும் ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேர் இருந்தோம். ஒரு மேடு ஏறும்போது அது நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி எல்லோரையும் தள்ளச் சொன்னார். தள்ளினோம். மூச்சு வாங்கியபடி, "கலா, அந்த ஐந்நூறு..." என்றேன்.

"ஆட்டத்துல போச்சி அக்கா. கப்பல்ல திருப்பிக் குடுப்பாங்களா?"

கொடுக்கவே இல்லை. அன்று ஆட்டோவுக்கும் புது அறைக்கு முன்பணத்துக்கும் சாயங்காலம் சாப்பிட்ட இட்லிக்கும் அதையே செலவழித்தாள்.

இட்லிக்கடையில் அவளிடம் கேட்டேன்: "நீ ஆடியிருக்கியா?"

"கப்பல்ல எங்கள ஆட வுட மாட்டாங்க. ஒரு துறைமுகத்துல லீவு குடுத்து எறக்கி வுட்டாங்க. போனேன். எழுந்திரிக்கற கணக்க எழுதின காகிதம் பைலதான் இருந்துச்சி. பதினோரு மாச சம்பளம் அக்கா." சட்னியைத் தொட்டுக்கொண்டாள். "நைனா கேட்டப்ப கம்பெனி குடுக்கலன்னு சொன்னேன். அவரு இன்னும் அந்தக் கம்பெனியத் திட்டிக்கினு கீறாரு. அதுக்கப்புறம் நான் ஆடறது இல்ல. எனக்கு எழுந்திரிக்கத் தெரியாது. உனக்குத் தெரியுமான்னு பாக்கத்தான் காலைல பகடையக் குடுத்தேன்."

"தெரியல" என்றேன்.

"ஆமா" என்றாள்.

நான்காம் நாள் திருமலை. வரிசையில் ஏழு மணி நேரம். இரும்புக் கம்பிகளுக்கு நடுவே கூட்டம் நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. முன்னால் நின்ற குடும்பம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து எங்களுக்கும் கொடுத்தது. பெருமாளை மூன்று வினாடி பார்த்தேன். அதற்குள் ஒரு கை என்னை நகர்த்திவிட்டது. என் சொந்தப் பணத்திலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்து மஞ்சள் துணியில் ஏற்கெனவே சேர்த்து முடிந்திருந்தேன். வெள்ளைத் துணி சுற்றிய பெரிய கொப்பரைக்குள் அந்த முடிச்சைப் போட்டேன். விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

மலையிறங்கியதும் தனத்துக்குப் போன் போட்டேன். காசு சேர்ந்துவிட்டது என்றேன். ஒரே சந்தோஷம் அவளுக்கு. அடுத்ததாக, நான் இனி உருட்டப்போவதில்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். ஐந்நூறு ரூபாய்க் கதையை ஒளிக்காமல் சொன்னேன்.

"சாமி காசையா எடுத்து வச்ச?"

"ஆமா. திருப்பிப் போட்டுட்டேன். ஆனா எடுத்தேன்."

"எல்லாரும் உன் கையை நம்பித்தான் போட்டாங்க லா. இப்ப வந்து இப்படிச் சொன்னா எப்படி?"

"என் பங்கைத் திருப்பிக் கொடுத்துடு தனம்."

"எல்லாம் ஒரே கவர்ல இருக்கு. நீ வர்றதுக்காகத்தான் காத்திருந்தோம், இனி வேணாம், நாளைக்கே பஸ். நீ இல்லாட்டி நான் உருட்டுறேன்" என்று போனை வைத்துவிட்டாள். மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. இருபது வருடப் பழக்கம். என் கணவர் இறந்தபோது மூன்று நாள் என் வீட்டிலேயே தங்கிச் சமைத்தவள் அவள்.

ஐந்தாம் நாள் மதியம் சென்னைப் பேருந்தில் ஏறினேன். ஜன்னலோரம் நின்று கலா ஒரு பை மாம்பழம் கொடுத்தாள். விமானத்தில் விடுவார்களா என்று தெரியவில்லை, இருந்தாலும் வாங்கிக்கொண்டேன். அப்போது எங்கள் குழுவில் ஒரு படம் வந்தது. பச்சை மேசை, தனத்தின் வளையல் கை, முன்னால் அடுக்கடுக்காகக் காயின்கள். கீழே, "அரை மணி நேரமா ஏழு வரல!" என்று எழுதியிருந்தாள். போனைக் கலாவிடம் காட்டினேன்.

"எழுந்துட்டாங்களான்னு கேளு."

கேட்டேன். "இன்னும் இல்ல. சூடா போகுது" என்று பதில் வந்தது.

கலா போனைத் திருப்பிக் கொடுத்தாள். வண்டி கிளம்பியது. என் விரல்கள் தாமாக மடங்கி விரிந்துகொண்டிருந்தன. கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று முழு மனதோடு நினைத்தேன். அப்படி நினைக்கவில்லை என்று எழுதினால் பொய். புத்தூரில் வண்டி பத்து நிமிடம் நின்றது. செய்தி இல்லை. நகரி தாண்டியது. செய்தி இல்லை. பணிக்கொடையில் கொடுத்த அந்தப் பங்கு எத்தனை மாதச் செலவு என்று ஒருமுறை வகுத்துப் பார்த்தேன். பிறகு அது இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

விமான நிலையத்தில் மாம்பழத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. விமானத்துக்குக் காத்திருந்தபோது தனத்திடமிருந்து செய்தி வந்தது. குழுவுக்கு இல்லை, எனக்கு மட்டும்.

"பஸ்ல இருக்கோம். உன் பங்கை நான் தொடல. தனியா எடுத்து வீட்டுல வச்சுட்டுத்தான் வந்தேன். வந்து வாங்கிக்க."

தங்கள் பங்கைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. மாம்பழம் கொண்டுவருகிறேன் என்று மட்டும் பதில் போட்டேன்.